சாலைக்கும் கால் மைல் ஓட்டத்துக்கும் ஒரே கிளட்ச்: எதைப் போடுவது?

சாம்பல்கூபே:

வணக்கம். பல மாதங்களாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இப்போது கேட்டாக வேண்டிய நிலை வந்துவிட்டது.

என்னுடையது பின்சக்கர இயக்கக் கார். 2 லிட்டர் டர்போ எஞ்சின், ஆறு கியர் மேனுவல், எடை 1,450 கிலோ. எஞ்சினின் கணினி அமைப்பை (மேப்பிங்) மாற்றிய பிறகு, சக்தியை அளக்கும் டைனோவில் ஏற்றி அளந்தபோது சக்கரத்தில் 410 நியூட்டன் மீட்டர் வந்தது. வாரத்தில் ஐந்து நாள் இதில்தான் வேலைக்குப் போகிறேன். மாதத்தில் ஒரு நாள் கால் மைல் ஓட்டத்துக்கு (நின்ற இடத்திலிருந்து நேர்கோட்டில் ஓடும் டிராக் பந்தயம்) எடுத்துச் செல்கிறேன்.

சென்ற வாரம் ஒரு மேட்டில் நான்காவது கியரில் முழுதாக மிதித்தேன். எஞ்சின் 3,000 சுற்றிலிருந்து 4,500-க்குத் தாவியது. வேகமானி முள் இருந்த இடத்திலேயே நின்றது. ஒரு நிமிடம் கழித்து வண்டிக்குள் தீய்ந்த வாடை. கிளட்ச் வழுக்குகிறது என்பதில் சந்தேகமில்லை.

கடைகளில் "முதல் நிலை", "இரண்டாம் நிலை", "மூன்றாம் நிலை" என்று அடுக்கி வைத்திருக்கிறார்கள். மூன்றாம் நிலை போதுமா, நான்காம் நிலைக்கே போய்விடலாமா? இன்னொரு முறை கியர்பாக்ஸைக் கழற்ற மனமில்லை. ஒரே தடவையில் சரியானதைப் போட்டுவிட வேண்டும்.

நேர்கோடு402:

ஆறு துண்டு செராமிக் பிளேட், அதை அழுத்திப் பிடிக்கக் கனமான பிரஷர் பிளேட். வேறு எதையும் யோசிக்காதீர்கள். என் வண்டியில் மூன்று பருவமாக அதுதான் இருக்கிறது. 5,500 சுற்றில் பெடலை விட்டால் ஒரு துளி வழுக்காமல் பிடிக்கிறது.

மூன்றாம்பெடல்:

நேர்கோடு402, உங்கள் வண்டி டிரெய்லரில் ஏறிப் பந்தயத் தடத்துக்கு வருகிறது. அவருடையது தினமும் சாலையில் ஓடுகிறது. இந்த வித்தியாசத்தைச் சொல்லாமல் விடக்கூடாது.

ஆறு துண்டு செராமிக்குடன் இரண்டு ஆண்டு சாலையில் ஓட்டியிருக்கிறேன். பிடித்தால் பிடி, விட்டால் விடு. நடுவில் ஒன்றுமே கிடையாது. போக்குவரத்து நெரிசலில் ஒவ்வொரு தடவை நகரும்போதும் வண்டி முழுவதும் உதறும். பின்னோக்கி எடுக்கும்போது அதைவிட மோசம். மேட்டில் நின்று புறப்பட எஞ்சினை 2,000 சுற்றுக்கு மேல் ஏற்றியாக வேண்டும், இல்லையென்றால் அணைந்துவிடும். என் மனைவி ஒரே ஒரு நாள் அந்த வண்டியை ஓட்டினார். மறுநாள் சாவியை என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இரவுப்பட்டறை:

தம்பி, முதலில் அந்த "நிலை" என்ற சொல்லை மறந்துவிடுங்கள். அதற்கு எந்தப் பொதுத் தரமும் கிடையாது. ஒரு நிறுவனத்தின் மூன்றாம் நிலை இன்னொரு நிறுவனத்தின் முதல் நிலையைவிடப் பலவீனமாக இருக்கலாம். பெட்டியின் மேல் இருக்கும் எண்ணைப் பார்த்து வாங்குவதும் சட்டையின் நிறத்தைப் பார்த்து அளவைக் கணிப்பதும் ஒன்றுதான்.

நான் முப்பது வருடமாகக் கியர்பாக்ஸ் இறக்கி ஏற்றுகிறவன். எதை வாங்குவது என்று சொல்வதற்கு முன் எனக்குச் சில விஷயங்கள் தெரிய வேண்டும். தடத்தில் எந்த டயர் போடுகிறீர்கள்? முதல் கியர் விகிதம் என்ன, கடைசி விகிதம் (பின்னச்சின் பல்சக்கர விகிதம்) என்ன? எத்தனை சுற்றில் புறப்படுகிறீர்கள்? எஞ்சினில் இன்னும் சக்தி கூட்டும் எண்ணம் உண்டா?

இன்னொன்று. கிளட்ச் வழுக்குகிறது என்றால் கிளட்ச்தான் குற்றவாளி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். எஞ்சினின் பின்பக்க எண்ணெய் சீல் கசிந்து பிளேட்டில் எண்ணெய் பட்டிருந்தாலும் இதே அறிகுறிதான் வரும். பெடலில் தளர்ச்சியே இல்லாமல், கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் பிரஷர் பிளேட்டின் ஸ்பிரிங் விரல்களை எப்போதும் அழுத்திக்கொண்டிருந்தாலும் இதே கதைதான். அப்படி இருந்தால் எவ்வளவு விலையுயர்ந்த கிளட்சைப் போட்டாலும் அதுவும் வழுக்கும். இறக்கிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

சாம்பல்கூபே:

ஐயா, நேற்று ஞாயிற்றுக்கிழமை முழுவதும் நண்பர் ஒருவருடன் சேர்ந்து கியர்பாக்ஸை இறக்கிவிட்டேன்.

எண்ணெய்க் கசிவு இல்லை, சீல் உலர்ந்து சுத்தமாக இருக்கிறது. பிளேட்டில் உராயும் பொருளான லைனிங் இன்னும் ரிவெட்டுக்கு மேலே ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் மிச்சமிருக்கிறது. ஆனால் மேற்பரப்பு கண்ணாடி போல வழவழப்பாகிவிட்டது. நகத்தால் சுரண்டினால் நகம் வழுக்கிக்கொண்டு போகிறது. எஞ்சினோடு சேர்ந்து சுழலும் கனமான சக்கரமான ஃப்ளைவீலின் முகத்தில் வட்டமாக ஏழு எட்டு இடங்களில் மைத்துளி சிந்தியது போல நீலப் புள்ளிகள். இரண்டு இடத்தில் மயிரிழை போன்ற விரிசல். கிளட்சை மூடியிருக்கும் உறைக்குள் கறுப்புத் தூள் குவிந்து கிடந்தது, அதில் முடி தீய்ந்த வாடை இன்னும் போகவில்லை.

நீங்கள் கேட்டவை: தடத்தில் டிராக் ரேடியல் டயர் (டிராக் பந்தயத்துக்கென்றே செய்த ஒட்டும் வகை), சுற்றளவுப்படி ஆரம் 31 செ.மீ. முதல் கியர் 3.6, கடைசி விகிதம் 3.7. இதுவரை 5,000 சுற்றில் புறப்பட்டிருக்கிறேன். எஞ்சினில் இதற்கு மேல் சக்தி கூட்டும் எண்ணம் இல்லை. பழைய பிளேட்டின் வெளிவிட்டம் 240 மி.மீ., உள்விட்டம் 150 மி.மீ.

உராய்வு:

நல்ல விவரங்கள் கொடுத்திருக்கிறீர்கள், அதனால் கணக்கே போட்டுப் பார்த்துவிடலாம். நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கிளட்ச் வாங்குகிற பெரும்பாலானவர்கள் ஒரே ஒரு எண்ணைத்தான் பார்க்கிறார்கள்: எத்தனை நியூட்டன் மீட்டர் தாங்கும். அது பாதிக் கேள்வி. முறுக்குவிசையைப் பிடித்து நிறுத்துவது ஒரு வேலை, புறப்படும்போது பிறக்கும் சூட்டை விழுங்குவது இன்னொரு வேலை. முதல் வேலையில் கெட்டிக்காரனான கிளட்ச் இரண்டாவதில் தோற்கலாம். உங்கள் ஃப்ளைவீலில் இருக்கும் நீலப் புள்ளிகள் சூட்டின் தடயம்.

முதலில் பிடிப்பு. ஒரு கிளட்ச் எவ்வளவு முறுக்குவிசையைக் கடத்தும் என்பது நான்கு எண்களின் பெருக்கல்: உராய்வுக் கெழு, அழுத்தும் விசை, சராசரி ஆரம், உராயும் முகங்களின் எண்ணிக்கை. உங்கள் பிளேட்டின் சராசரி ஆரம் 97.5 மி.மீ. ஒற்றைப் பிளேட்டுக்கு இரண்டு முகம். ஆர்கானிக் லைனிங்குக்கு (பிசினால் பிணைத்த சாதாரண வகை) உராய்வுக் கெழு 0.3 என்று வைத்துக்கொள்வோம். பிரஷர் பிளேட் 7,500 நியூட்டன் விசையில் அழுத்துகிறது என்று கொண்டால் விடை 439 நியூட்டன் மீட்டர்.

சக்கரத்தில் நீங்கள் அளந்தது 410. கியர்பாக்ஸிலும் பின்னச்சிலும் 15 சதவீதம் போகிறது என்ற வழக்கமான அனுமானப்படி, கிராங்கில், அதாவது எஞ்சினின் சுழல்தண்டில், ஏறக்குறைய 480 இருக்கும். 439 தாங்குகிற கிளட்சின் மேல் 480 ஏறினால் வழுக்காமல் என்ன செய்யும்? சூடாகிக் கண்ணாடியான லைனிங்கில் அந்த 0.3-ம் கிடைக்காது.

இப்போது சரிசெய்யும் வழிகள். அதே பிளேட்டோடு அழுத்தும் விசையை 9,500 ஆக்கினால் 556 வரும். அது பெடலில் தெரியும், கால் வலிக்கும். விசையை மாற்றாமல் கெழு 0.4 உள்ள, உலோகம் கலந்த செராமிக் லைனிங் போட்டால் 585. கால் பிழைத்தது, ஆனால் மூன்றாம்பெடல் சொன்ன உதறல் வந்து சேரும். மூன்றாவது வழி இரட்டைப் பிளேட். 215 மி.மீ. வெளிவிட்டம், 145 உள்விட்டம், அதே ஆர்கானிக் 0.3, விசை வெறும் 6,000 நியூட்டன். முகங்கள் நான்கு என்பதால் 648 நியூட்டன் மீட்டர் கிடைக்கிறது. பெடல் உங்கள் பழையதைவிட இலேசாகக்கூட அமையலாம். உங்கள் 480-க்கு இது 1.35 மடங்கு. சாலையில் ஓடும் வண்டிக்கு 1.2 முதல் 1.5 மடங்கு வரை போதும். அதற்கு மேல் போவதில் எனக்கு உடன்பாடில்லை, காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

அடுத்து சூடு. எஞ்சினை 5,000 சுற்றிலேயே நிறுத்தி, அரைக் கிளட்சில் வண்டியை இழுத்து, கிளட்ச் முழுதாகப் பூட்டிக்கொள்ளும் கணம் வரை யோசியுங்கள். உங்கள் விகிதங்களில் முதல் கியரில் 5,000 சுற்று என்பது மணிக்கு 44 கி.மீ. ஓட்டுநரோடு 1,530 கிலோ அந்த வேகத்தை அடைய ஏறத்தாழ 114 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். இப்படிப் புறப்படும்போது வண்டிக்குப் போய்ச் சேரும் ஆற்றலுக்குச் சமமான இன்னொரு 114 கிலோஜூல் கிளட்சில் சூடாக மாறுகிறது. டயர் சுழன்றாலோ எஞ்சின் சுற்று விழுந்தாலோ இது குறையும், அதனால் மேல்வரம்பு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஃப்ளைவீலும் பிரஷர் பிளேட்டின் வளையமும் சேர்த்து 12 கிலோ இரும்பு என்றால், ஒரு புறப்பாட்டுக்கு மொத்த இரும்பும் சராசரியாக 20 டிகிரிதான் சூடேறும். கேட்க ஒன்றுமில்லாதது போலத் தோன்றும். ஆனால் அந்தச் சூடு ஓரிரு நொடியில் மேல்தோலில் வந்து விழுகிறது. உள்ளே பரவ நேரமில்லை. தோலின் வெப்பம் நூற்றுக்கணக்கான டிகிரிக்குப் போகிறது. வார்ப்பிரும்பு அப்படிச் சூடேறிச் சட்டென்று குளிரும் இடங்கள் கடினமாகி நீலம் பாரிக்கின்றன. லைனிங்கில் உள்ள பிசின் வெந்து மேலே வந்து கண்ணாடியாகப் படிகிறது. நீங்கள் நகத்தால் சுரண்டிப் பார்த்தது அந்தப் பிசினைத்தான்.

இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. இந்தச் சூடு கியர் விகிதத்தின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் மாறும். கடைசி விகிதத்தை 3.7-லிருந்து 4.1 ஆக்கினால் அதே 5,000 சுற்றுக்கு 92 கிலோஜூல்தான். கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. கிளட்சைத் தொடாமலேயே கிளட்சின் ஆயுளைக் கூட்டும் வழி இது.

நேர்கோடு402:

கணக்கு அருமை, மறுக்கவில்லை. ஆனால் நீங்களே சொல்கிறீர்கள், சூடுதான் பிரச்சினை என்று. சூட்டைத் தாங்குவதில் செராமிக்கை ஆர்கானிக் நெருங்க முடியுமா? ஆர்கானிக் ஒரு முறை வெந்தால் வெந்ததுதான். என் பிளேட் அடுத்தடுத்து ஐந்து ஓட்டம் ஓடியும் ஆறியதும் பழையபடி பிடிக்கிறது.

உராய்வு:

நீங்கள் சொல்வது உண்மை. பொருளை மட்டும் பார்த்தால் செராமிக் அதிகச் சூடு தாங்கும். ஆனால் உங்கள் பிளேட் அவ்வளவு சூட்டைச் சந்திக்கவே இல்லை என்பதையும் பாருங்கள். 5,500 சுற்றில் பெடலை விட்டதும் அது கவ்விவிடுகிறது, வழுக்கும் நேரம் மிகக் குறைவு. அந்த அதிர்ச்சியை டயர் சுழன்று வாங்கிக்கொள்கிறது, அல்லது அச்சு வாங்கிக்கொள்கிறது. தினமும் நெரிசலில் அரைக் கிளட்சில் ஊரும் வண்டியில் அதே பிளேட்டைப் போட்டால், அந்த ஆறு துண்டுகளும் ஃப்ளைவீலின் முகத்தைத்தான் தின்னும்.

கெவ்லார் (வலுவான செயற்கை இழை) லைனிங் பற்றி யாராவது கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன். மிக மென்மையாகப் பிடிக்கும், தேய்மானமும் குறைவு. ஆனால் பழக்கும் காலம் நீண்டது. ஒரு முறை மிகையாகச் சூடேறிக் கண்ணாடியாகிவிட்டால் மீண்டு வருவது அரிது. டிராக் ஓட்டத்துக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். சின்டர்ட் இரும்பு (இரும்புத் தூளை அழுத்திச் சுட்டது) நேர்மாறானது. வழுக்குவதற்கென்றே செய்தது, சூட்டுக்கு அஞ்சாது. அழுத்தத்தை எடை வைத்துக் கூட்டிக் குறைக்கும் பந்தய கிளட்சுகளில் அதைத்தான் போடுகிறார்கள். அந்த வகையில் பிரஷர் பிளேட்டின் நெம்புகோல்களில் சிறு எடைகள் இருக்கும். சுற்று ஏற ஏற அவை வெளியே தள்ளப்பட்டு அழுத்தத்தைக் கூட்டும். புறப்படும்போது இளக்கம், ஓட்டத்தில் இறுக்கம். அருமையான ஏற்பாடு, ஆனால் அடிக்கடி திறந்து இடைவெளியைச் சரிபார்க்க வேண்டும். வேலைக்குப் போகும் வண்டிக்கு அது ஒத்துவராது.

சாம்பல்கூபே:

இப்போதுதான் எனக்குத் தெளிவு வருகிறது. இன்னொரு கேள்வி. ஃப்ளைவீல் விரிசல் விட்டதால் எப்படியும் மாற்ற வேண்டும். அலுமினியத்தில் இலேசானதைப் போட்டால் எஞ்சின் சட்டென்று சுற்றேறும் என்கிறார்கள். போடலாமா?

இரவுப்பட்டறை:

உங்கள் வண்டிக்கு வேண்டாம். 1,450 கிலோ வண்டி, 2 லிட்டர் எஞ்சின், டர்போ விழித்துக்கொள்ளச் சுற்று வேண்டும். புறப்படும் கணத்தில் உங்களைத் தள்ளுவது எஞ்சின் மட்டும் இல்லை, சுழன்றுகொண்டிருக்கும் ஃப்ளைவீலில் சேர்ந்திருக்கும் ஆற்றலும்தான். 5,000 சுற்று 3,500-க்கு விழும்போது, நிலைமத் திருப்புத்திறன் (சுழற்சி மாற்றத்தை எதிர்க்கும் அளவு) 0.15 கி.கி.மீ² உள்ள ஃப்ளைவீல் 10.5 கிலோஜூலைத் திருப்பிக் கொடுக்கும். 0.08 உள்ள இலேசான ஒன்று 5.6 மட்டும்தான் கொடுக்கும். ஒட்டும் டயரில் இலேசான ஃப்ளைவீலோடு புறப்பட்டால் எஞ்சின் சுற்று தொப்பென்று விழுந்து, டர்போ தூங்கி, வண்டி தவழும். இலேசான சிறு வண்டிக்கும் வளைவுப் பந்தயத்துக்கும் அது நல்லது. உங்களுக்கு எஃகு, நடுத்தர எடை.

உங்கள் வண்டியில் இருந்தது இரட்டை நிறை ஃப்ளைவீலா (அதிர்வை விழுங்க நடுவில் ஸ்பிரிங் வைத்த இரண்டு பகுதி) என்று பாருங்கள். அப்படியென்றால் ஒற்றை நிறைக்கு மாறும்போது நியூட்ரலில் கியர்பாக்ஸ் கலகலவென்று சத்தம் போடும். கெட்டுவிட்டதாக நினைத்துப் பயப்படாதீர்கள். நடுவில் ஸ்பிரிங் வைத்த பிளேட்டை வாங்கினால் அந்தச் சத்தம் ஓரளவு அடங்கும். ஸ்பிரிங் இல்லாத பிளேட் சாலை வண்டிக்கு ஆகாது. ஒவ்வொரு அதிர்வும் நேராகக் கியர் பற்களுக்குப் போகும்.

இதற்கு மேல் நான் சொல்லப்போவதைத் தயவுசெய்து அலட்சியம் செய்யாதீர்கள். எந்த ஃப்ளைவீல், எந்த கிளட்ச் வாங்கினாலும் எஸ்.எஃப்.ஐ. (பந்தய உதிரிபாகங்களுக்கான பாதுகாப்புத் தரம்) 1.1 சான்று உள்ளதா என்று பாருங்கள். பல பிளேட் கிளட்ச் என்றால் 1.2. கிளட்சை மூடியிருக்கும் உறைக்கு 6.1. இவை விளம்பரத்துக்காக ஒட்டும் வில்லைகள் இல்லை. 7,000 சுற்றில் சுழலும் விரிசல் விட்ட வார்ப்பிரும்பு உடைந்தால் அதன் துண்டுகள் தரைத் தகட்டைக் கிழித்துக்கொண்டு வரும். அது வரும் இடத்தில்தான் உங்கள் கால்கள் இருக்கின்றன. 1970 மார்ச் 8 அன்று அமெரிக்காவின் லயன்ஸ் டிராக் தடத்தில் புகழ்பெற்ற டிராக் பந்தய ஓட்டுநர் டான் கார்லிட்ஸின் வண்டியில் கால்களுக்கு நடுவே இருந்த டிரான்ஸ்மிஷன் வெடித்து, அவருடைய வலது பாதத்தின் ஒரு பகுதி போனது. அதற்குப் பிறகுதான் அவர் எஞ்சினை ஓட்டுநருக்குப் பின்னால் வைத்த வண்டியைக் கட்டினார். மற்றவர்களும் அந்த வழிக்கே வந்தார்கள். நாம் ஓட்டுவது அந்த அளவு சக்தியுள்ள வண்டி இல்லைதான். ஆனால் நமக்கும் எல்லாம் காலுக்கு முன்னால்தான் சுழல்கிறது.

அந்த விரிசல் விட்ட ஃப்ளைவீலைக் கடைசல் போட்டு மறுபடி பூட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். யாருக்கும் விற்கவும் வேண்டாம். இரும்புக் கடையில் போடுங்கள்.

பின்னச்சு:

"1.5 மடங்குக்கு மேல் வேண்டாம், காரணம் பிறகு" என்று உராய்வு எழுதியிருந்தார். அந்தக் காரணத்தை நான் பட்டு அறிந்தேன்.

எஞ்சினைவிட இரண்டரை மடங்கு தாங்கும் கிளட்சைப் போட்டேன். "வருங்காலத்துக்கு உதவும்" என்ற நினைப்பு. அதோடு பின்னால் நன்றாக ஒட்டும், பள்ளக் கோடு இல்லாத ஸ்லிக் டயரும் மாட்டினேன். முதல் நாள், மூன்றாவது ஓட்டம். விளக்கு பச்சையானதும் பெடலை விட்டேன். துப்பாக்கி சுட்டது போல ஒரு சத்தம். வண்டி ஒரு முழம் முன்னால் எகிறி நின்றுவிட்டது, எஞ்சின் மட்டும் கத்திக்கொண்டிருந்தது. வலது அச்சுத்தண்டு முறுக்கிப் பிய்ந்திருந்தது. முறிந்த இடத்தைப் பார்த்தால் பிழிந்த துணி போலச் சுருள் சுருளாக இருந்தது.

கிளட்ச் பூட்டும் கணத்தில் தண்டுகளுக்குப் போவது எஞ்சினின் 480 மட்டும் இல்லை. ஃப்ளைவீலில் சேர்ந்திருக்கும் ஆற்றலும் ஒரே அடியாக வந்து விழும். அப்போது எவ்வளவு முறுக்குவிசை கடக்கும் என்பதற்கு வரம்பு கட்டுவது கிளட்சின் தாங்குதிறன்தான். வீட்டு மின்சாரத்துக்கு ஃபியூஸ் எப்படியோ அப்படி. 5 ஆம்பியர் வேண்டிய இடத்தில் 30 ஆம்பியர் கம்பியைப் போட்டால் ஃபியூஸ் பிழைத்துக்கொள்ளும், வேறு ஏதோ எரியும்.

அதற்குப் பிறகு நான் செய்த மாற்றம் ஒன்றை உங்களுக்கும் சொல்கிறேன். கிளட்ச் ஹைட்ராலிக் குழாயில் திரவம் திரும்பும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு ஒன்றைப் பொருத்தினேன். நான் காலைச் சட்டென்று எடுத்தாலும் பிரஷர் பிளேட் முதலில் ஓரளவு அழுத்தத்தோடு நின்று, பிறகு ஒரு நொடிக்குள் முழுதாக இறங்கும். அந்த ஒரு நொடி வழுக்கலில் தண்டுகள் தப்பிக்கின்றன, டயரும் ஒட்டிக்கொள்கிறது. சாலையில் வால்வை முழுதாகத் திறந்து வைத்துவிடுவேன். ஆனால் இது சூட்டைக் கூட்டும் என்பதை மறக்கக்கூடாது. சூடு தாங்கும் லைனிங்கோடு மட்டும் இதைச் செய்யுங்கள்.

மூன்றாம்பெடல்:

பெடல் பாரத்தைப் பற்றி யாரும் போதுமான அளவு பேசவில்லை. கால் வலி மட்டும்தான் என்று நினைக்கிறார்கள். நீங்கள் பெடலை மிதிக்கும்போதெல்லாம் ரிலீஸ் பேரிங் வழியாக அந்த விசை கிராங்க் தண்டை முன்னோக்கித் தள்ளுகிறது. அதைத் தாங்குவது எஞ்சினுக்குள் இருக்கும் ஒரு மெல்லிய திரஸ்ட் பேரிங். மிகக் கனமான பிரஷர் பிளேட்டைப் போட்டுவிட்டு, சிக்னலில் இரண்டு நிமிடம் மிதித்தபடியே நின்றால் தேய்வது அதுதான். அது தேய்ந்தால் கியர்பாக்ஸை இறக்கினால் போதாது, எஞ்சினையே இறக்க வேண்டும். சிக்னலில் நியூட்ரலுக்கு மாற்றிக் காலை எடுத்துவிடுங்கள்.

உராய்வு சொன்ன இரட்டைப் பிளேட்டை நான் ஆதரிப்பதும் இதனால்தான். அதற்கும் குறைகள் உண்டு. பெடலை மிதித்திருக்கும்போது இரண்டு பிளேட்டையும் பிரிக்கும் நடுத் தட்டு கலகலக்கும். நடுத் தட்டு இரண்டு பிளேட்டுக்கு இடையில் சிக்கியிருப்பதால் ஆற நேரம் எடுக்கும், ஆகவே ஓட்டத்துக்கு ஓட்டம் இடைவெளி விடுங்கள். பிளேட்டுகள் கனமாக இருந்தால் உயர் சுற்றில் கியர் மாற்றும்போது, கியர்களின் வேகத்தை ஒத்துப்போகச் செய்யும் சிங்க்ரோ திணறும், ஏனென்றால் கியர்பாக்ஸின் உள்தண்டோடு சுழலும் நிறை கூடிவிடுகிறது. இரண்டு பிளேட்டின் எடையையும் கேட்டு, இலேசானதை வாங்குங்கள்.

சாம்பல்கூபே:

முடிவு செய்துவிட்டேன். இரட்டைப் பிளேட், ஆர்கானிக், நடுவில் ஸ்பிரிங் உள்ளது, தாங்குதிறன் 650 நியூட்டன் மீட்டர். எஃகு ஃப்ளைவீல். எஸ்.எஃப்.ஐ. சான்று இரண்டுக்கும் இருக்கிறது. அந்த 650 கிராங்கிலா சக்கரத்திலா என்று எழுதிக் கேட்டேன். கிராங்கில் என்று பதில் வந்தது. கடைசி விகிதம் 4.1 அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்றிருக்கிறேன். பூட்டும்போது எதில் கவனமாக இருக்க வேண்டும்?

இரவுப்பட்டறை:

நல்ல தேர்வு. இனி எல்லாம் உங்கள் கையில்தான். கிளட்சை நன்றாக வாங்கி மோசமாகப் பூட்டியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

உறையின் நடுத்துளை கிராங்கின் நடுவோடு ஒத்துப்போகிறதா என்று டயல் கேஜ் வைத்து ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். முள்ளின் மொத்த அசைவு 0.13 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். கூடுதலாக இருந்தால் உறையை எஞ்சினோடு பொருத்தி நிறுத்தும் டவல் பின்கள் மையம் விலகிய வடிவில் கிடைக்கும், அவற்றைப் போட்டுச் சரிசெய்யுங்கள். இதைச் செய்யாமல் விட்டால் பிளேட்டின் நடுப்பகுதி பிளந்துபோகும், கியர் மாற்றுவதும் கனமாகும். கியர்பாக்ஸ் உள்தண்டின் முனையைத் தாங்கும் பைலட் பேரிங் புதியது போடுங்கள். ரிலீஸ் பேரிங்குக்கும் விரல்களுக்கும் நடுவே உள்ள இடைவெளியை அளந்து, தயாரிப்பாளர் கொடுத்த அளவுக்குக் கொண்டுவாருங்கள். "கண்ணால் பார்த்தால் சரியாக இருக்கிறது" என்பது அளவு இல்லை.

முகங்களை பிரேக் கிளீனரால் துடையுங்கள். கையில் கிரீஸ் இருந்தால் பிளேட்டைத் தொடாதீர்கள். பிளேட் ஏறி உட்காரும் தண்டின் வரிப்பற்களில் (ஸ்ப்லைன்) கிரீஸை மெல்லிய படலமாகத் தடவுங்கள், அதிகமானால் சுழற்சியில் தெறித்து லைனிங்கில் படும்.

ஹைட்ராலிக் திரவத்தை முழுதாக மாற்றுங்கள். பழைய திரவம் ஈரத்தை உறிஞ்சியிருக்கும், சூட்டில் ஆவிக்குமிழ் வந்தால் பெடல் தரையோடு ஒட்டிக்கொள்ளும். உயர் சுற்றில் கியர் விழ மறுத்தால் பலர் கியர்பாக்ஸைத் திட்டுவார்கள். முதலில் பார்க்க வேண்டியது திரவத்தையும் குழாயில் உள்ள காற்றையும்தான். பெடலுக்கு அடியில் ஒரு தடுப்பும் வையுங்கள். கிளட்ச் விடுபட்ட பிறகும் மிதித்துக்கொண்டே போனால் விரல்கள் அளவுக்கு மீறி வளையும்.

பிறகு பழக்குவது. 800 கி.மீ., அதுவும் ஊருக்குள் நின்று நின்று போகும் ஓட்டம். நெடுஞ்சாலையில் ஆறாவது கியரில் போன 800 கணக்கில் வராது, ஏனென்றால் அங்கே கிளட்ச் வேலையே செய்யவில்லை. அது வரை முழு ஆக்சிலரேட்டர் மிதிக்க வேண்டாம். கை துறுதுறுக்கும், பொறுங்கள்.

சாம்பல்கூபே:

(நான்கு மாதம் கழித்து)

சொன்னபடி திரும்பி வந்திருக்கிறேன். உறையின் மையம் 0.22 மி.மீ. விலகியிருந்தது! டவல் பின் மாற்றி 0.08-க்குக் கொண்டுவந்தேன். ஐயா சொல்லாவிட்டால் அதை அளந்திருக்கவே மாட்டேன். 950 கி.மீ. பழக்கிய பிறகுதான் தடத்துக்குப் போனேன்.

பெடல் பழையதைவிட இலேசாக இருக்கிறது. நெரிசலில் உதறல் இல்லை. நியூட்ரலில் பெடலை மிதித்தால் நடுத் தட்டின் சத்தம் கேட்கிறது, முதல் வாரம் திடுக்கிட்டேன், இப்போது காதில் விழுவதே இல்லை.

தடத்தில் முதல் இரண்டு ஓட்டமும் சரியாக வரவில்லை. பழைய பழக்கத்தில் 5,000 சுற்றில் நிறுத்திக் காலை மெல்ல எடுத்தேன், வாடை வந்துவிட்டது. மூன்றாவது ஓட்டத்தில் 4,200-க்குக் குறைத்து, காலைச் சீக்கிரமாக எடுத்தேன். முதல் 18 மீட்டர் 1.88 நொடி. பழைய கிளட்சில் என் சிறந்த நேரம் 2.12. ஓட்டத்துக்கு ஓட்டம் இருபது நிமிடம் இடைவெளி விட்டேன். ஆறு ஓட்டம் ஓடி, அதே வண்டியில் வீட்டுக்கு வந்து, மறுநாள் அதே வண்டியில் வேலைக்கும் போனேன்.

ஒன்றே ஒன்று. இரண்டிலிருந்து மூன்றுக்கு 6,800 சுற்றில் மாற்றும்போது சில சமயம் ஒரு உரசல் சத்தம்.

மூன்றாம்பெடல்:

நான் பயந்தது அதுதான், பிளேட்டின் நிறை. பெடல் தடுப்பைச் சற்றுக் கீழே இறக்கிப் பாருங்கள், கிளட்ச் முழுதாக விடுபடாமல் இழுத்துக்கொண்டிருக்கலாம். அதிலும் சரியாகவில்லை என்றால் 6,400-இல் மாற்றுங்கள். உங்கள் டர்போவுக்கு அதற்கு மேல் சக்தி ஏறப்போவதில்லை.

சாம்பல்கூபே:

தடுப்பை 4 மி.மீ. இறக்கினேன். நேற்று இரவு பத்துப் பன்னிரண்டு தடவை மாற்றிப் பார்த்தேன், 6,600 வரை சத்தமே இல்லை. பழைய ஃப்ளைவீல் இரும்புக் கடைக்குப் போய்விட்டது ஐயா.